பொத்தான் உதிர்ந்த கோட்டு

என் தங்கை பிலோமியைப் பெண் பார்க்க வந்த அன்று ஸ்டானிஸ்லாஸ் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. காப்பித் தட்டில் இருந்த ஆறு டம்ளர்களை மட்டும் நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆறுல ஒண்ணு நசுங்கிக் கீது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என் அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ராயபுரத்தில் இந்த அருள்நாதன் பேச்சை யாரும் கேட்டதில்லை, எங்கள் வீட்டில் மட்டும் கேட்டுவிடுவார்களா? கல்யாணம் நடந்தது.

தொழில் அப்படி, மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஹார்பரில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை வெயிலில் நின்று எண்ணி, எது நனைந்தது, எது கிழிந்தது, எதன் மேல் என்ன குறி போட்டிருக்கிறது என்று நோட்டில் எழுதுகிற வேலை. இருபது வருஷம் அதையே செய்தவருக்கு உலகமே இறக்கிவைத்த சரக்காகத் தெரிந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாலையில் பூ வாடியிருக்கிறது என்பார். துக்க வீட்டுக்குப் போனால் சவப்பெட்டியில் ஓர் ஆணி குறைகிறது என்பார். உண்மையிலேயே குறைந்துதான் இருக்கும். அதற்காக அங்கேயே சொல்லிவிடுவதா?

இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்துத்தான் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் 1968-இல் ஒரு வேலையைக் கொடுத்தார். கோயிலுக்கு நூறு வருஷம் நிறைகிற சமயம். பங்கு மக்கள் வீட்டில் போன நூற்றாண்டுப் போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டுவர வேண்டும், ஜூபிலி அன்று பள்ளிக்கூட ஹாலில் மாட்டி, கீழே பேரும் வருஷமும் எழுதிவைக்கலாம் என்பது அவர் யோசனை. வருஷம் கண்டுபிடிக்கிற பொறுப்பு ஸ்டானிஸ்லாஸுக்கு. கூடமாட இருக்க நான். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இருப்பவனுக்கு வேலையே கிடையாது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

இரண்டு வாரத்தில் அறுபத்துமூன்று படங்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் அட்டையில் ஒட்டியவை, காப்பி நிறத்துக்கு மங்கிப்போனவை. எதிலும் பேர் இல்லை, தேதி இல்லை. ஆனால் கொண்டுவந்த ஒவ்வொருவரும் தங்கள் தாத்தாதான் மெட்ராஸிலேயே முதலில் போட்டோ எடுத்துக்கொண்டவர் என்று அடித்துச் சொன்னார்கள். ஒருவர் 1820 என்று எழுதச் சொன்னார். அப்போது போட்டோவே கண்டுபிடிக்கவில்லை என்று ஸ்டானிஸ்லாஸ் சொன்னதற்கு, "உங்க வூட்டாண்ட லேட்டா வந்திருக்கும்" என்று பதில் வந்தது.

மாப்பிள்ளை மூர் மார்க்கெட்டில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டார். முனை கூராக வெட்டிய மெல்லிய அட்டை முந்தையது. முனையை உருட்டி வெட்டி, ஓரத்தில் தங்கக் கோடு போட்ட தடித்த அட்டை பிந்தையது. ஸ்டூடியோக்காரர் கண்காட்சியில் மெடல் வாங்கினால் அதன் படத்தை அட்டையின் முதுகில் அச்சடித்துக்கொள்வார், ஆகவே மெடலை எண்ணினாலும் காலம் தெரியும். இதெல்லாம் ஒரே வாரத்தில் அவருக்குப் பிடிபட்டது. ஆனால் பாதிப் படங்களுக்கு முதுகைப் பார்க்கவே வழியில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த கடைக்காரர்கள் பசையை வாரிப் பூசிப் பலகையோடு ஒட்டிவைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பள்ளிக்கூட பெஞ்சில் படங்களைப் பரப்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மச்சான், இந்தக் கோட்டப் பாரு. அப்பால இந்தக் கோட்டப் பாரு."

"ரெண்டும் நல்ல கோட்டுதான், அதுக்கின்னா?"

"ரெண்டு இல்ல மச்சான். ஒண்ணு."

மண்ணடியில் அந்தக் காலத்தில் டிகுரூஸ் என்ற ஒருவர் ஸ்டூடியோ வைத்திருந்தார். எங்கள் பங்குப் பெரியவர்களில் பதினான்கு பேர் அங்கே போய் நின்றிருக்கிறார்கள். படகு வலித்தவர், பீப்பாய் செய்தவர், துரை வீட்டில் சமைத்தவர், எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்டவர் என்று பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் ஒரே கோட்டு. அது டிகுரூஸுடைய கோட்டு, வருகிறவர்களுக்கு மாட்டிவிடுவதற்காக ஆணியில் தொங்கியது. இடது பக்கக் காலரில் சுருட்டு நெருப்பு விழுந்து புளியங்கொட்டை அளவுக்கு ஓர் ஓட்டை. எல்லாப் படத்திலும் அந்த ஓட்டை அதே இடத்தில் இருந்தது. நெட்டையானவர்களுக்குக் கோட்டின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. குட்டையானவர்களுக்கு விரல்கூட வெளியே தெரியவில்லை.

இதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். டேலி கிளார்க் விடுவாரா, பொத்தானை எண்ணினார். அந்தப் படங்களில் பல கல்யாணத்துக்கு எடுத்தவை. கல்யாணத் தேதி கோயில் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1885-இல் கல்யாணம் செய்தவருக்கு ஆறு பொத்தான். 1888 ஜனவரியிலும் ஆறு. 1888 ஈஸ்டருக்குப் பிறகு ஐந்து. 1889-இல் நான்கு, அதிலும் மேலிருந்து இரண்டாவது எங்கேயோ பிடுங்கித் தைத்த வெள்ளைப் பொத்தான். 1892-இல் மூன்று. 1895-இல் ஒன்றுமே இல்லை. அந்த மாப்பிள்ளை கோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அதைத்தான் இத்தனை நாளாக அவர் வீட்டார் கம்பீரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிகுரூஸ் ஸ்டூடியோ படமாக இருந்தால் போதும், பொத்தானை எண்ணி வருஷத்தைச் சொல்லிவிடலாம்.

சொல்லாமல் இருப்பாரா? கோயில் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் சிலுவைமுத்து, தன் கொள்ளுத் தாத்தா போட்டிருப்பது கவர்னர் கையால் கொடுத்த கோட்டு என்று பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டு நின்றார். ஸ்டானிஸ்லாஸ் நடுவில் புகுந்தார்.

"கவர்னரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அத்தயேதான் எங்க தாத்தாரும் போட்டுக்கினு நிக்கிறாரு. உங்களுதுல அஞ்சு பொத்தான், எங்களுதுல மூணு. நீங்க கொஞ்சம் முன்னாடி போயிட்டீங்க, அவ்ளோதான்."

சிலுவைமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். மறுவாரம் அவரைப் போல இன்னும் பன்னிரண்டு குடும்பத்தின் மானம் போயிற்று. எங்கள் தெருவில் பிலோமி குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். அவள் வீட்டுக்கு வந்து புருஷனைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாப்பிள்ளை அசைந்துகொடுக்கவில்லை. "கோட்டு ஒண்ணுதானே பிலோமி, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சிலுவையம்மாள் ஆயா தன் படத்தோடு வந்தாள்.

ஆயாவுக்கு எண்பது வயது. எங்கள் சந்தின் கோடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் வீட்டுக் காலைப் பொழுது சந்துக்கே தெரியும். முதலில் சுவரில் இருக்கும் அப்பா படத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பச் சங்கதி எல்லாவற்றையும் அவரிடம் முறையிடுவாள். பிறகு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சித்தப்பா படத்தை வெளியே எடுத்து, காது கூசுகிற மாதிரி திட்டிவிட்டு, மறுபடி பானைக்குப் பின்னால் போடுவாள். அதற்கப்புறம்தான் காப்பி.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. அவள் அப்பா கஸ்பார் மசூலா படகு வலித்தவர், தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவருகிற படகு அது. 1887 டிசம்பரில் புயலில் படகு கவிழ்ந்து போனார், உடம்பும் கிடைக்கவில்லை. அப்போது ஆயா தாய் வயிற்றில் இருந்தாள். தம்பி லூயிஸ் இரண்டு வருஷம் பொறுத்தார். 1890-இல் அண்ணனுக்கும் பங்கிருந்த இன்னொரு படகை விற்றுவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். ஆயாவின் அம்மா கஷ்டத்திலேயே செத்தாள், அப்போது ஆயாவுக்கு ஐந்து வயது. 1910-இல் லூயிஸ் அங்கே இறந்ததும், முன்பின் தெரியாத ஒரு கப்பல்காரர் கையில் ஒரு தகரப்பெட்டி வந்தது. உள்ளே இரண்டு போட்டோ, ஒரு துண்டுக் காகிதம். 'ஒன்று அண்ணன், ஒன்று தம்பி' என்று எழுதியிருந்தது. எது யார் என்று எழுதவில்லை. கேட்கலாம் என்றால், ஹார்பர் வந்ததும் பழைய படகுக்காரர்கள் பிழைப்புத் தேடிக் கலைந்துபோயிருந்தார்கள், இரண்டு பேரையும் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை.

ஆயா தானே முடிவு செய்தாள். ஒருவர் கையில் ஜெபமாலையோடு சாந்தமாக நிற்கிறார். இன்னொருவர் கண்ணை உருட்டிக் கொலைகாரனைப் போல முறைக்கிறார். இதில் அப்பா யார், திருடன் யார் என்று சொல்ல ஆள் வேண்டுமா என்ன?

இப்போது அவள் சாந்த முகத்தை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"டேய் ஸ்டானிஸ்லாசு, இத்த மாட்டு. வருசத்த எழுது. ஆனா திருநா முடிஞ்ச கையோட திருப்பிக் குடுத்துரணும். நான் செத்தா பொட்டில என் நெஞ்சு மேல இத்த வெக்கணும்னு சாமியாராண்ட சொல்லி வெச்சிக்கிறேன்."

"இன்னாத்துக்கு ஆயா?"

"எங்கப்பன நான் பாத்ததே இல்லடா. மேல ஒரே கும்பலா இருக்கும். படம் கையில இல்லாங்காட்டி எப்டி கண்டுபுடிப்பேன்? வேற எவன் கழுத்தயாவது கட்டிக்கினு அழுதேன்னு வையி, அசிங்கமா இருக்காது?"

நான் சிரித்தேன். ஸ்டானிஸ்லாஸ் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடி படத்தின் மேல் நின்றிருந்தது. காலரில் புளியங்கொட்டை ஓட்டை. நான்கு பொத்தான். மேலிருந்து இரண்டாவது வெள்ளை. கையில் இருந்த ஜெபமாலையும் டிகுரூஸுடையதுதான், வேறு ஐந்து படங்களில் அதே மாலையை நாங்கள் பார்த்திருந்தோம். கல்யாணம் ஆன பதினோரு வருஷத்தில் என் மாப்பிள்ளை கண்ணில் பட்டதைச் சொல்லாமல் வாயை மூடியது அன்றைக்குத்தான்.

"நாளைக்கு எழுதித் தரேன் ஆயா. அந்த இன்னொரு படத்தயும் குடேன், பாத்துட்டுத் தரேன்" என்றார்.

செத்த எலியைத் தூக்குகிறவளைப் போல இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். முறைக்கிற மனிதரின் கோட்டில் ஆறு பொத்தானும் வரிசையாக இருந்தன. சாமியாரிடம் கேட்டுப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்த்தோம். சிலுவையம்மாள், 1888 பிப்ரவரி, தகப்பன் காலஞ்சென்ற கஸ்பார். கஸ்பார் உயிரோடு இருந்தவரை அந்தக் கோட்டில் ஒரு பொத்தான்கூட விழவில்லை. நான்கு பொத்தான் கோட்டில் அவர் நின்றிருக்க முடியாது. ரங்கூனுக்குக் கிளம்பும் முன் ஸ்டூடியோவுக்குப் போன தம்பிதான் அது.

அன்று மாலை பிலோமி வீட்டில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"சொல்லாதீங்க மாப்ளே" என்றேன். "எம்பது வயசு. 1887-ன்னு எழுதி மாட்டிட்டுப் போங்க. பொட்டிக்குள்ள எவன் வந்து பொத்தான எண்ணப் போறான்?"

"மேல போயி அது லூயிசு கழுத்தக் கட்டிக்கினு அழுதா?"

"அங்க அவுங்களே பேசித் தீத்துப்பாங்க."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "பதிமூணு வூட்ல தைரியமா சொன்னேன் மச்சான். இதுகிட்ட சொல்ல வாய் வரல" என்றார். பிலோமி என் பக்கம்தான் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மாதமாக இந்த மனிதரின் வாயால் பட்டவள் அவள்தானே. அடுப்பிலிருந்து திரும்பாமலேயே சொன்னாள்:

"கோட்டு வாடகையா சொந்தமான்னு தெருத்தெருவா சொல்லிக்கினு திரிஞ்சீங்களே, அத்த யாருங்க கேட்டா? இது பெத்த அப்பன் மூஞ்சி. கேக்காட்டியும் சொல்லணும்."

என் பேச்சு வழக்கம்போலக் காற்றோடு போயிற்று.

மறுநாள் மூன்று பேருமாக ஆயா வீட்டுக்குப் போனோம். ஸ்டானிஸ்லாஸ் இரண்டு படத்தையும் பாயில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கோட்டின் கதையை முதலிலிருந்து சொன்னார். ஆயா அறுபது வருஷம் கருவாடு எண்ணிய விரலால் பொத்தான்களைத் தானே எண்ணிப் பார்த்தாள். இந்தப் படத்தில் ஆறு. அந்தப் படத்தில் நான்கு. இன்னொரு தடவை எண்ணினாள்.

"உன் கோட்டக் கட்டிக்கினு நீ அழு" என்றாள். "எங்கப்பன எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னுதான ஆயா பொட்டில படம் வெக்கச் சொன்ன?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். சத்தியமாக அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

ஆயா சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மெழுகு வழிந்து வழிந்து சுவரின் ஓரம் தடித்துப்போயிருந்தது. பிறகு சாந்த முகத்துக்காரரைக் கையில் எடுத்தாள், குரல் ஏறியது.

"அம்பத்தெட்டு வருசம்டா! இந்தத் திருட்டுப் பயலுக்கா வத்தி ஏத்திக்கினு இருந்தேன்? செஞ்ச பாவத்துக்கு உத்தரிக்கிற ஸ்தலத்துல நல்லா வெந்துகினு இருந்திருப்பான். நானே கையப் புடிச்சி மோட்சத்துக்கு ஏத்தி வுட்டேனே!"

ஸ்டானிஸ்லாஸ் இதையும் யோசித்துவைத்திருந்தார். "வருசாவருசம் கோயில்ல செத்தவருக்குப் பூசைய கஸ்பார்னு பேரு சொல்லித்தான வெச்ச? அது உங்கப்பாருக்குச் சரியாப் போயிருக்கும் ஆயா. வத்தி மட்டுந்தான் ஆள் மாறிப்போச்சி."

"எத்தினி கேட்டேன் இவங்கிட்ட! கூரை ஒழுவக் கூடாதுன்னு கேட்டேன். முட்டிவலி போவணும்னு கேட்டேன். புருசன் குடிய வுடணும்னு கேட்டேன். ஒண்ணு குடுத்தானா? ஒண்ணு? அப்பவே தெரிஞ்சிருக்கணும் எனக்கு, இவன் அப்பன் இல்லன்னு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிலோமி என் தொடையில் கிள்ளினாள், அந்தத் தடம் ஒரு வாரம் இருந்தது. ஆயா லூயிஸைத் தூக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டாள். பாயில் இப்போது முறைக்கிறவர் மட்டும் இருந்தார். ஆயா அவரைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இவர நான் பேசாத பேச்சு இல்லியேடா. ஒரு நாள் வுட்டதில்ல. காய்ச்சல்ல படுத்துக்கினுகூட திட்டியிருக்கேன். எதுத்து ஒரு வார்த்த சொல்லல, பாரு."

படம் எப்படிப் பேசும் என்று கேட்க வாய் வரை வந்தது. நல்லவேளை கேட்கவில்லை.

"ஆனா அப்பன்னா, பெத்த பொண்ண ஏன்டா இப்டி மொறைக்கிறாரு?"

ஸ்டானிஸ்லாஸ் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, படத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். கஸ்பார் வெறுங்காலோடு நிற்கிறார். குதிகாலுக்குப் பின்னால், தரையில், ஓர் இரும்புக் கால் தெரிகிறது.

"அது இன்னா தெரியுமா ஆயா? ஸ்டாண்டு. அப்பல்லாம் போட்டோ டக்குனு வுழாது. பத்து பன்னண்டு எண்ணுற வரைக்கும் ஆடாம நிக்கணும். ஆடுனா மூஞ்சி கலைஞ்சிரும். அதுக்கோசரம் பின்னால இரும்ப நிறுத்தி, கவட்ட மாதிரி ஒண்ணால பிடரியப் புடிச்சிக்குவாங்க. கண்ணயும் மூடக் கூடாது. அதான் கண்ணு அப்டி கீது. உங்க சித்தப்பாரு போன டைம்ல சட்டுனு வுழற பிளேட்டு வந்துடுச்சி, அவரு சொகமா நின்னுட்டாரு. இது மொறைப்பு இல்ல ஆயா. அந்த மனுசன் மூச்சப் புடிச்சிக்கினு நிக்கிறாரு."

ஆயா கண்ணாடி வழியாக அந்த இரும்புக் காலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மெதுவாக மேலே நகர்த்தி முகத்துக்குக் கொண்டுவந்தாள்.

ஆயா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். படத்தை மடியில் எடுத்துக்கொண்டு, காலருக்கு மேலே கழுத்து தெரிகிற இடத்தில் பெருவிரலால் இரண்டு தடவை நீவிவிட்டாள்.

"ரொம்ப வலிச்சிதா நைனா?" என்று கேட்டாள்.